ஆறு கிழமை காத்திருக்க முடியாத மனதுக்கு

"அக்கா, குளிசை போடத் தொடங்கி நாலு மாசமாகுது. முதல் ஒண்டு தந்தவை. பிறகு அதை நிப்பாட்டிப்போட்டு வேற ஒண்டு தந்தவை. ஒரு மாற்றமும் இல்லை. விடியப்புறம் மூண்டு மணிக்கு முழிப்பு வந்திடும். பிறகு நித்திரை இல்லை. மகள் ரியூசனுக்குப் போனாப்பிறகு சுவரைப் பாத்துக்கொண்டு இருப்பன். உலையில அரிசி போட்டதும் மறந்து போகும். உண்மையில இந்த மருந்துகள் வேலை செய்யுமோ?"

மாதாந்தக் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில் ஒரு சகோதரி என்னிடம் கேட்ட கேள்வி இது. அவருடைய கணவர் 2009இல் இல்லாமற் போனவர். மகள் அப்போது கைக்குழந்தை. இப்போது உயர்தரம் படிக்கிறாள். இத்தனை வருடமும் தாங்கிக்கொண்டு வந்தவருக்கு, வீடும் கட்டி மகளும் வளர்ந்த பின்னர்தான் இந்த நோய் வந்து அமர்ந்திருக்கின்றது. இது எம்மில் பலருக்கும் நடப்பதுதான். ஓடும்வரை ஓடிவிட்டு, இருக்க ஒரு இடம் கிடைத்ததும் மனம் விழுந்து விடுகின்றது.

"பொறுத்துப் போடுங்கோ, சுகம் வரும்" என்று அன்றைக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பின்பு அது அரைகுறைப் பதில் என்று பட்டது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குள்ளே இன்னொரு கேள்வியும் இருக்கின்றது. காய்ச்சலுக்குக் குளிசை போட்டால் ஒரு மணித்தியாலத்தில் காய்ச்சல் இறங்குகின்றது. மனச்சோர்வுக்கு மட்டும் ஏன் ஆறு கிழமை, எட்டுக் கிழமை என்று காத்திருக்கச் சொல்கிறார்கள்? கெதியாக வேலை செய்யும் மருந்து இல்லையா?

இருக்கின்றது. கடந்த இருபத்தைந்து வருடங்களாக உலகின் பெரிய ஆய்வுகூடங்களில் இது பற்றித்தான் அதிகம் பேசப்படுகின்றது. அந்த மருந்து எது, அது மூளைக்குள் போய் என்ன செய்கின்றது, அதில் எவ்வளவு நம்பலாம், எவ்வளவு நம்பக்கூடாது என்பவற்றை என்னால் இயன்றவரை எளிமையாக இங்கே எழுதுகின்றேன்.

எப்போது அது "இலகுவில் மாறாத" மனச்சோர்வு?

மனச்சோர்வு என்பது வெறும் கவலை அல்ல. இரண்டு கிழமைக்கு மேல், அனேகமாக நாள் முழுவதும் மனம் இருண்டிருத்தல், எதிலும் ஆசை அற்றுப்போதல், நித்திரை குழம்புதல், பசி குறைதல் அல்லது கூடுதல், உடம்பு பாரமாதல், தன்னைத்தானே குற்றவாளியாக எண்ணுதல், உயிர் வாழ விருப்பமில்லாமற் போதல் ஆகியன அதன் அறிகுறிகள். எமது பெண்கள் இதை மனதில் சொல்லமாட்டார்கள், உடம்பில் சொல்வார்கள். தலையிடி, நெஞ்சு அடைப்பு, கை கால் எரிவு, உடம்பெல்லாம் உளைவு என்று வெளிநோயாளர் பிரிவுக்கு மாறி மாறிப் போய் பனடோலுடன் திரும்பி வருவார்கள்.

இரண்டு வெவ்வேறு மருந்துகளை, போதிய அளவில், போதிய காலம் ஒழுங்காக எடுத்தும் குறையவில்லை என்றால் அதனை இலகுவில் மாறாத மனச்சோர்வு என்று வைத்தியர்கள் கூறுகிறார்கள். இது அரிதான ஒன்றல்ல. அமெரிக்காவில் நாலாயிரம் பேர் வரையில் பங்குகொண்ட ஒரு பெரிய ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. முதலாவது மருந்தில் முற்றாகச் சுகம் கண்டவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே. மூன்றாவது, நான்காவது மருந்து வரை போகவேண்டி வந்தவர்களில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்குத்தான் அந்த மருந்து முழுச் சுகத்தைக் கொடுத்தது. ஆகவே "எனக்கு மட்டும்தான் மருந்து பிடிக்கவில்லை, என்னில்தான் ஏதோ பிழை" என்று நினைக்கும் சகோதரிகள் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம்.

பழைய மருந்துகள் வந்த வழி

மனச்சோர்வு மருந்துகளை எவரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை, அவை தற்செயலாகக் கிடைத்தன. 1950களின் தொடக்கத்தில் நியூயோர்க்கில் ஒரு வைத்தியசாலையில் கசநோயாளருக்கு இப்பிரோனியசிட் என்ற மருந்து கொடுக்கப்பட்டது. நுரையீரல் ஒருபுறமிருக்க, நோயாளரின் மனம் உற்சாகம் அடைந்ததை வைத்தியர்கள் கண்டனர். அதே காலத்தில் சுவிற்சர்லாந்தில் றோலன்ட் கூன் என்ற வைத்தியர் வேறொரு நோய்க்கெனப் பரீட்சித்த இமிப்பிரமின் என்ற மருந்து மனச்சோர்வைக் குறைப்பதைக் கவனித்தார். இவற்றை ஆராய்ந்தபோது, மூளைக் கலங்களுக்கு இடையில் செய்தி காவும் செரற்றோனின் போன்ற இரசாயனங்களை இவை கூட்டுகின்றன என்பது தெரியவந்தது. பின்னர் 1987இன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புளுவொக்செற்றின் உட்பட, இன்று எமது கிளினிக்குகளில் தருகின்ற குளிசைகளிற் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவையே.

இதில் ஒரு புதிர் இருந்தது. குளிசை போட்ட சில மணித்தியாலங்களிலேயே செரற்றோனின் கூடிவிடுகின்றது. மனம் மாறுவதற்கோ கிழமைக்கணக்கு எடுக்கின்றது. அப்படியென்றால் செரற்றோனின் கூடுவது மட்டும் சுகம் அல்ல. அதற்குப் பிறகு மூளைக்குள் மெதுவாக வேறு ஏதோ நடக்க வேண்டும். அது என்ன?

சத்திரசிகிச்சை அறையிலிருந்து வந்த மருந்து

பதில் எதிர்பாராத இடத்தில் இருந்து வந்தது. 1962இல் அமெரிக்காவில் கல்வின் ஸ்ரீவன்ஸ் என்ற இரசாயனவியலாளர் கெற்றமின் என்ற மயக்கமருந்தைத் தயாரித்தார். 1970இல் அதற்கு அங்கு அனுமதி கிடைத்தது. வியட்நாம் யுத்தத்தில் காயப்பட்ட படையினருக்குப் பெருமளவில் கொடுக்கப்பட்டது இதுவே. இந்த மருந்துக்கு ஒரு விசேட குணம் உண்டு. மற்ற மயக்கமருந்துகள் போல மூச்சை இலகுவில் அடக்காது, இரத்த அழுத்தத்தையும் விழுத்தாது. ஆகவே மின்சாரம் இல்லாத, இயந்திரம் இல்லாத இடத்திலும் வயிற்றைத் திறந்து குண்டுச்சிதறலை எடுக்கலாம். சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் யுத்தகாலச் சத்திரசிகிச்சையில் இம்மருந்துக்கு முதலிடம் கொடுக்கப்படுவதும், உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 1985இலிருந்து இது இருப்பதும் இதனாலேயே. யுத்தத்தின் மருந்து என்றே சொல்லலாம். அதுவே யுத்தம் விட்டுச்சென்ற நோயொன்றுக்கும் மருந்தாகக் கூடும் என்பதை வாசித்தபோது எனக்குச் சற்று நேரம் மேலே வாசிக்க முடியவில்லை.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2000ஆம் ஆண்டு ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டனர். மனச்சோர்வுள்ள ஏழே ஏழு பேர். மயக்கத்துக்குக் கொடுப்பதிலும் பார்க்க மிகக் குறைந்த அளவு கெற்றமின், அதாவது உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராம், நாளத்தினூடாக மெதுவாக ஏற்றப்பட்டது. இன்னொரு நாள் அவர்களுக்கே வெறும் சேலைன் ஏற்றப்பட்டது. எது எதுவென்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. கெற்றமின் ஏற்றிய பின்பு மூன்று நாட்களுக்குள் சோர்வு குறைந்தது. சேலைனுக்கு அப்படி நடக்கவில்லை. ஏழு பேரை வைத்து என்ன சொல்லமுடியும் என்று பலரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

2006இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் அதையே மீண்டும் செய்து பார்த்தது. இம்முறை வேறு மருந்துகளுக்குக் குணமாகாதவர்களே சேர்க்கப்பட்டனர். கெற்றமின் ஏற்றப்பட்ட 17 பேரில் நூற்றுக்கு 71 பேர் என்ற வீதத்தில் மறுநாளே நல்ல முன்னேற்றம் காணப்பட்டது. மாற்றம் தொடங்கியது இரண்டு மணித்தியாலத்துக்குள். ஆனால் ஒரு கிழமை கழித்துப் பார்த்தபோது அந்தச் சுகம் நிலைத்திருந்தது நூற்றுக்கு 35 பேரில்தான். இந்த இரண்டு இலக்கங்களையும் ஒன்றாகவே மனதில் வைத்திருங்கள். பத்திரிகைகள் முதலாவதை மட்டுமே பெரிய எழுத்தில் போடுகின்றன.

மூளைக்குள் என்ன நடக்கின்றது?

கெற்றமினில் பெரும்பகுதி சில மணித்தியாலங்களிலேயே உடம்பை விட்டுப் போய்விடுகின்றது. சுகமோ நாட்கணக்கில் நிற்கின்றது. வந்த விருந்தாளி போய்விட்டார், அவர் சமைத்துவைத்த சோறு மட்டும் நாலு நாளைக்குக் காணும் என்பது போல. அப்படி அவர் என்ன செய்துவிட்டுப் போகிறார்?

எமது மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன. ஒவ்வொரு கலமும் மரம்போலக் கிளைவிட்டிருக்கும். அந்தக் கிளைகளில் சிறு சிறு முளைகள் இருக்கும். ஒரு கலத்தின் செய்தி அடுத்த கலத்தின் முளையில் வந்து சேர்கின்ற இடமே இணைப்பு. நாம் நினைப்பது, நினைவு வைப்பது, ஆசைப்படுவது எல்லாம் இந்த இணைப்புகளினூடாகத்தான்.

நீண்டகாலம் பயத்திலும் நெருக்கடியிலும் வாழும்போது உடம்பில் ஓயாமற் சுரக்கின்ற இரசாயனங்கள் இந்த முளைகளை வாட்டிவிடுகின்றன. முக்கியமாக நெற்றிக்குப் பின்னால் உள்ள, திட்டமிடுகின்ற, உணர்ச்சியைக் கட்டுப்படுத்துகின்ற பகுதியிலும், நினைவைச் சேமிக்கின்ற பகுதியிலும். விலங்குகளை நெருக்கடியில் வைத்துச் செய்த ஆய்வுகளில் கிளைகள் சுருங்குவதும் முளைகள் குறைவதும் நுணுக்குக்காட்டியினூடாகக் காணப்பட்டுள்ளன. மீள்குடியேற்றத்தின்போது சொந்த ஊருக்குத் திரும்பிப் போனவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. வீடு அங்கேதான் இருந்தது. கிணறும் இருந்தது. போகிற ஒழுங்கைதான் பற்றை மூடித் தெரியாமற் போயிருந்தது. மனச்சோர்விலும் அன்பு, ஆசை, கெட்டித்தனம் எதுவும் அழிந்து போவதில்லை, அவற்றுக்குப் போகின்ற பாதை மூடிவிடுகின்றது.

இனி கெற்றமினுக்கு வருவோம். மூளையில் செய்தி காவும் இரசாயனங்களில் அதிகம் புழங்குவது செரற்றோனின் அல்ல, குளுற்றமேற் என்பதாகும். அது கலங்களைத் தட்டி எழுப்புவது. காபா என்பது அடக்கி வைப்பது. ஒரு சைக்கிளுக்கு மிதியும் பிறேக்கும் போல. குளுற்றமேற் வந்து பொருந்துவதற்குக் கலங்களின் மேற்பரப்பில் பூட்டுகள் உண்டு. அவற்றுள் என்.எம்.டி.ஏ. என்பது ஒருவகைப் பூட்டு, அம்பா என்பது இன்னொரு வகை.

கெற்றமின் போய் என்.எம்.டி.ஏ. பூட்டின் துவாரத்தை அடைக்கின்றது. தட்டி எழுப்புகின்ற பூட்டை அடைத்தால் மூளை இன்னும் சோர வேண்டும் அல்லவா? சிறிய அளவில் கொடுக்கும்போது நடப்பது அதற்கு மாறானது. பிறேக் பிடிக்கின்ற கலங்களில் உள்ள பூட்டுகளே முதலில் அடைபடுகின்றன எனக் கருதப்படுகின்றது. சோதனைச் சாவடியில் நிற்பவர் கொஞ்சநேரம் கண்ணயர்ந்தால் இரண்டு பக்கமும் மறிபட்டு நின்ற சனம் ஒரேயடியாகக் கடந்து போகுமே, அதுபோலக் குளுற்றமேற் ஒருமுறை பெருகிப் பாய்கின்றது. அது அம்பா பூட்டுகளைத் திறக்கின்றது. அதன் விளைவாக நரம்புக்கலங்களின் பசளை என்று சொல்லத்தக்க பி.டி.என்.எப். என்ற புரதம் வெளிவருகின்றது. பசளை கிடைத்ததும் கலத்துக்குள் புரதம் தயாரிக்கின்ற வேலை முடுக்கிவிடப்பட்டு, வாடிய கிளைகளில் புதிய முளைகள் விடுகின்றன. யேல் பல்கலைக்கழகத்தில் றொனால்ட் டூமன் என்பவரின் குழுவினர் எலிகளின் மூளையில், கெற்றமின் கொடுத்த ஒரு நாளுக்குள் இணைப்புகள் கூடியிருப்பதை 2010இல் காட்டினார்கள்.

பழைய குளிசைகளும் நெடுநாள் எடுக்கும்போது இதே பசளையைக் கூட்டுகின்றன. செரற்றோனின் என்ற சுற்றுவழியால் மெதுவாகப் போய், கடைசியில் அதே வளவுக்குத்தான் தண்ணீர் பாய்ச்சுகின்றன. ஆறு கிழமை காத்திருக்கச் சொல்வதன் காரணங்களில் ஒன்று இதுவாக இருக்கலாம். ஆகவே இரண்டாம் கிழமையில் "இது வேலை செய்யுதில்லை" என்று குளிசையைத் தூக்கி எறிபவர், விதை போட்ட மூன்றாம் நாள் மண்ணைக் கிண்டிப் பார்ப்பவர் போலத்தான்.

2019இல் நியூயோர்க்கில் உள்ள கோர்ணெல் மருத்துவ பீடத்தினர் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. நெருக்கடியால் சோர்ந்த சுண்டெலிகளின் மூளையை நுணுக்குக்காட்டியால் பார்த்துக்கொண்டே கெற்றமின் கொடுத்தார்கள். மூன்று மணித்தியாலத்தில் எலியின் நடத்தை தேறிவிட்டது. ஆனால் முளைகள் வந்தது பிறகுதான், பன்னிரண்டு மணித்தியாலங்கள் அளவில். அப்படியென்றால் முளைகளால் சுகம் வரவில்லையா? அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். புதிதாக வந்த முளைகளை மட்டும் ஒளியைப் பாய்ச்சி அழித்துப் பார்த்தார்கள். வந்த சுகம் போய்விட்டது. ஆகவே சுகத்தைத் தொடக்கி வைப்பது வேறொன்று, தக்கவைப்பது முளைகள். மருந்து கொடுத்த அடுத்து வரும் நாட்களில் மனதுக்கு எது கிடைக்கின்றது என்பது முக்கியம் என்று வைத்தியர்கள் எண்ணுவதற்கும் இது இடம் கொடுக்கின்றது.

சீனாவில் ஹைலான் ஹூ என்ற பெண் விஞ்ஞானி வேறொரு இடத்தைப் பார்த்தார். மூளையின் நடுவில் மிளகளவான ஒரு பகுதி உண்டு. எதிர்பார்த்தது கிடைக்காதபோது அது உசாராகின்றது. ஏமாற்றத்தின் மையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோர்ந்த விலங்குகளில் அது வெடிபோல விட்டுவிட்டுப் படபடவென்று அடிக்கின்றது என்றும், கெற்றமின் அந்த அடிப்பை நிறுத்துகின்றது என்றும் 2018இல் அவருடைய குழு எழுதியது. லீசா மொன்ரேஜியா என்ற இன்னொரு பெண் விஞ்ஞானியின் குழுவோ, பிறேக் கதை இல்லாமலே, ஓய்வில் இருக்கும் கலத்தின் பூட்டை அடைப்பதாலேயே பசளை உற்பத்தி தொடங்குகின்றது என்று 2011இல் விளக்கம் தந்தது. கெற்றமின் உடம்பில் உடைந்து வருகின்ற வேறொரு பொருளே வேலை செய்கின்றது என்பது 2016இல் வந்த இன்னொரு கட்சி. 2018இல் பன்னிரண்டு பேரில் செய்த ஒரு சிறிய ஆய்வில், அபின் வகை மருந்துகளைத் தடுக்கின்ற குளிசையை முன்கூட்டியே கொடுத்தபோது கெற்றமினின் பலன் குறைந்துபோனது. அப்படியானால் அபின் வழியும் இதில் சம்பந்தப்படுகின்றதோ என்ற கேள்வி எழுந்து இன்னும் தீரவில்லை. நான் மேலே சொன்ன பசளைக் கதை கூடுதலான ஆதரவு உள்ள கதை. முடிந்த கதை அல்ல.

மருந்து வெளியில் வந்த பின்

கெற்றமினில் இடக்கையும் வலக்கையும் போல இரண்டு வடிவங்கள் கலந்திருக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, மூக்கில் அடிக்கின்ற ஸ்பிறேயாக்கி, ஸ்பிறவாற்றோ என்ற பெயரில் விற்பதற்கு 2019 மார்ச் மாதத்தில் அமெரிக்கா அனுமதித்தது. மருந்தின் பெயர் எஸ்கெற்றமின். முதலில் வழமையான குளிசையுடன் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்று இருந்தது. 2025 ஜனவரியில் தனியாகவும் கொடுக்கலாம் என்று ஆக்கினார்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோய் அடிக்கின்ற ஸ்பிறே அல்ல இது. வைத்தியசாலையிலோ அனுமதி பெற்ற கிளினிக்கிலோ இருந்து எடுத்து, குறைந்தது இரண்டு மணித்தியாலம் அங்கேயே கண்காணிப்பில் இருக்க வேண்டும். முதல் மாதம் கிழமைக்கு இரண்டு தடவை. பிறகு ஒரு தடவை. அன்றைக்கு வாகனம் ஓட்டக்கூடாது. எடுத்தவுடன் தலை சுற்றும், சத்தி வரும், இரத்த அழுத்தம் ஏறும். தன்னுடைய உடம்பை விட்டு விலகி மிதப்பது போன்ற உணர்வும் வரும்.

இந்தக் கடைசி விடயத்தில் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எம்மிற் சிலருக்கு உடம்பை விட்டு விலகிப் போகின்ற அனுபவம் புதிதல்ல. தாங்கமுடியாத ஒன்று நடக்கும்போது மனம் அப்படித்தான் தப்பி ஓடியது. அப்படிப்பட்டவருக்கு மருந்தால் வருகின்ற அதே உணர்வு பெரும் பயத்தைக் கிளப்பக்கூடும். எப்போதாவது இத்தகைய சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தால் இதை வைத்தியருக்கு முதலிலேயே சொல்லவேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இந்த ஸ்பிறே சிபாரிசு செய்யப்படுவதில்லை. இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், இல்லாத குரல் கேட்கும் நோய் வந்தவர்களுக்கும் மிகுந்த அவதானம் தேவை.

கெற்றமின் போதைக்கும் பாவிக்கப்படுகின்ற பொருள். அடிக்கடி, அளவு மீறி எடுப்பவர்களின் சலப்பை அரித்துப் புண்ணாகி, சிறுநீர் அடக்கமுடியாத நிலை வருகின்றது. ஆகவே வைத்தியர் இல்லாமல் யாரும் இதைத் தேடிப் போகக்கூடாது.

விலையோ, ஒரு தடவைக்குப் பல நூறு டொலர். இங்கிலாந்தின் சுகாதார சேவைக்கு ஆலோசனை கூறுகின்ற அமைப்பே இந்த விலைக்கு இது பெறுமதியா என்பது தெளிவில்லை என்று சொல்லித் தட்டிக்கழித்தது. ஆனால் பழைய கெற்றமின், சத்திரசிகிச்சை அறையில் இருக்கும் அந்தச் சாதாரண மருந்து, மிகவும் மலிவானது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் அதை மனச்சோர்வுக்கெனப் பரீட்சித்து அனுமதி எடுக்கின்ற செலவைச் செய்ய எந்தக் கம்பனிக்கும் அக்கறை இருக்கவில்லை. மலிவாக இருப்பதே ஒரு மருந்துக்குக் குற்றமாகிவிட்டது! அவுஸ்திரேலியாவில் பல்கலைக்கழக வைத்தியர்கள் தாமாக முன்வந்து இதைச் செய்தார்கள். மலிவான கெற்றமினைத் தோலுக்குக் கீழ் ஊசியாக, கிழமைக்கு இரண்டாக, நாலு கிழமை போட்டார்கள். ஆளுக்கேற்ப அளவைக் கூட்டிக் கொடுத்தபோது, வேறெந்த மருந்துக்கும் மசியாதவர்களில் ஐந்து பேரில் ஒருவருக்கு முற்றாகச் சுகம் வந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நித்திரை மருந்து போடப்பட்டவர்களில் ஐம்பது பேரில் ஒருவருக்குத்தான். இது 2023இல் வெளிவந்தது. எமது போன்ற நாடுகளுக்கு ஸ்பிறேயை விட இந்த ஊசியே முக்கியமான செய்தி என்பது என் எண்ணம்.

அதே வருடம் அமெரிக்காவில் கெற்றமினையும் மின்சிகிச்சையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். "கரண்ட் பிடிக்கிறது" என்று எம்மவர் பயப்படுகின்ற அதே சிகிச்சை. இல்லாத குரல் கேட்கும் நிலை வராத நோயாளரில், கெற்றமினால் பலன் கண்டவர்கள் நூற்றுக்கு 55, மின்சிகிச்சையால் 41. மறதியும் கெற்றமினில் குறைவு. இதனால் மின்சிகிச்சை கூடாது என்று ஆகிவிடாது. இன்று அது மயக்கமருந்து கொடுத்து நித்திரையில் செய்யப்படுவது. சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், ஆபத்தான நிலையில் கிடப்பவர்களைப் பலமுறை காப்பாற்றியிருக்கின்றது. படத்தில் பார்த்ததை வைத்துப் பயந்து மறுக்காதீர்கள்.

இன்னொரு ஆய்வையும் மறைக்காமற் சொல்லவேண்டும். கெற்றமின் ஏற்றும்போது மிதப்பு வருவதால் தனக்கு உண்மை மருந்துதான் ஏறுகின்றது என்பது நோயாளிக்குத் தெரிந்துவிடுகின்றது. அந்த நம்பிக்கையே சுகம் தருகின்றதா? ஸ்ரான்பேர்ட் பல்கலைக்கழகத்தில் சத்திரசிகிச்சைக்காக முழு மயக்கத்தில் இருந்த மனச்சோர்வு நோயாளர் 40 பேரில் பாதிப்பேருக்குக் கெற்றமினும் மற்றவர்களுக்கு வெறும் சேலைனும் ஏற்றிப் பார்த்தார்கள். இரண்டு பகுதியினருக்கும் ஒரேயளவு சுகம்! மயக்கமருந்தே கெற்றமினின் வேலையை மறைத்ததா, அல்லது எதிர்பார்ப்புக்கும் கவனிப்புக்கும் அவ்வளவு சக்தியா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு நோயாளியை நாலைந்து பேர் சுற்றிநின்று கவனித்து, அடுத்த நாளும் வந்து "எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்பது சின்ன விடயமா? எமது கிளினிக்கில் நூறு பேருக்கு ஒரு வைத்தியர். வரிசையில் நாலு மணித்தியாலம். உள்ளே மூன்று நிமிடம்.

பிள்ளை பெற்ற பின்

பிரசவத்துக்குப் பின் வருகின்ற மனச்சோர்வுக்கும் இப்போது கெதியான மருந்து ஒன்று உண்டு. கர்ப்ப காலத்தில் உயர்ந்து நிற்கின்ற புரொஜெஸ்ரரோனில் இருந்து உருவாகும் ஒரு பொருள், பிள்ளை பிறந்த கையோடு சடாரென்று விழுந்துவிடுகின்றது. மூளையின் பிறேக் ஆகிய காபாவுக்குத் துணைநிற்பது அது. சில தாய்மாரின் மூளை இந்த விழுக்காட்டைத் தாங்குவதில்லை. அதை நிரப்புவதற்கு 2019இல் வந்த முதலாவது மருந்தை 60 மணித்தியாலம் தொடர்ச்சியாக நாளத்தில் ஏற்றவேண்டியிருந்தது. பிறந்த பிள்ளையை விட்டு இரண்டரை நாள்! அதன் விற்பனை 2024உடன் நிறுத்தப்பட்டுவிட்டது. 2023 ஆகஸ்டில் சுரனொலோன் என்ற குளிசை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பதினான்கு இரவுகள் மட்டும் எடுப்பது. மூன்றாம் நாளிலேயே வித்தியாசம் தெரிந்தது. நித்திரைத் தூக்கம் அதிகம். விலை பதினையாயிரம் டொலருக்கு மேல். அது எம்மிடம் எப்போது வரும் என்பது இருக்கட்டும். ஆனால் இதில் ஒரு உண்மை உறுதியாகின்றது. பிள்ளையைப் பார்க்க விருப்பமில்லாமல் அழுதுகொண்டிருக்கும் தாய்க்கு வந்திருப்பது பேய் பிடிப்பும் அல்ல, திமிரும் அல்ல. மாமிமாரும் அம்மாமாரும் இதை வாசித்தால் நல்லது.

கிளினிக்கில் கேட்கவேண்டியவை

இதை வாசித்துவிட்டு நாளைக்கே போய் அந்த மருந்தைத் தாருங்கள் என்று கேட்டால் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. போட்டுக்கொண்டிருக்கிற குளிசையை நிறுத்தவும் வேண்டாம். சடாரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், நித்திரையின்மை என்று வேறு உபாதைகள் வரும். ஆனால் சில கேள்விகளைக் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

"மருந்து பிடிக்கவில்லை" என்று முடிவெடுக்குமுன் தைரொயிட் இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டதா? இரத்தச்சோகை உண்டா? மாதவிடாயில் அதிகம் போகின்ற பெண்கள் இதை அவசியம் சொல்ல வேண்டும். இரத்தச்சோகையின் களைப்பு மனச்சோர்வு போலவே இருக்கும். தரப்பட்ட அளவு போதுமானதா, கூட்ட இடமிருக்கின்றதா? குண்டுச்சத்தமும் பழைய காட்சிகளும் கனவில் வந்து எழுப்புகின்றனவா? அப்படியென்றால் அதற்கு வேறு விதமான கதைவழிச் சிகிச்சை உண்டு. இடைக்கிடை அளவுக்கு மீறிய உற்சாகமும் வேகமும் வந்து போகின்றனவா? அதற்கு மருந்தே வேறு. வீட்டில் இப்போதும் அடி விழுகின்றதா? இதை வைத்தியர் கேட்கமாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்பதற்கு எந்தப் பூட்டை அடைத்தும் பயனில்லை. காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடுகின்ற தாயின் கேள்விக்கும் குளிசையில் பதில் இல்லை. அந்தத் துயரம் நோயும் அல்ல. ஆனால் அந்தத் துயரத்தின் மேல் நோயும் வந்து ஏறுகின்றபோது, கேள்வி கேட்கின்ற பெலனே போய்விடுகின்றது. அந்தப் பெலனைத் திரும்பப் பெறுவதற்கு மருந்து எடுப்பது, போனவரை மறப்பதாகாது. பல அம்மாமார் இதற்காகவே மருந்தை மறுப்பதைக் கண்டிருக்கின்றேன்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் கிளினிக் நாள் வரை இருக்க வேண்டாம். அன்றைக்கே, இரவென்றாலும், பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அல்லது தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்துப் போத்தலை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

அந்தச் சகோதரியுடன் நானும் போன மாதம் கிளினிக்குக்குப் போனேன். வைத்தியர் புதியவர், வயது குறைந்த பிள்ளை. "அம்மா, ஒவ்வொரு நாளும் போடுறனீங்களோ?" என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இல்லை டொக்டர். போட்டால் விடிய எழும்பேலாது. கடைக்கு இடியப்பம் குடுக்கவேணும். சனி ஞாயிறிலதான் போடுறனான்."

நாலு மாதமாக யாரும் கேட்காத கேள்வி. வைத்தியர் ஏசவில்லை. பின்னேரம் ஆறு மணிக்கே போடச் சொல்லி, அளவைப் பாதியாக்கி, இரத்தப் பரிசோதனைக்கும் எழுதித் தந்தார். பஸ்ஸில் வரும்போது கெற்றமினைப் பற்றி நான் வாசித்ததைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"அது வரட்டும் அக்கா. முதல் இதை ஒழுங்காப் போட்டுப் பாப்பம்" என்றார். அடுத்த கிளினிக் வருகிற மாதம் பதினோராம் திகதி.